பள்ளி விடுமுறையும் ஏலமலையும்

1980களிலும் 90களிலும் மதுரைப் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் பெரும்பாலும் உறவினர் வீடுதான். கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்குவது வசதியுள்ளவர்கள் காரியம். மற்றவர்களுக்கு மலையடிவாரத்தில் ஒரு தாய்மாமன் இருந்தால் போதும். போடிநாயக்கனூரில் அப்படி ஒரு மாமா வாய்த்த குடும்பத்தின் விடுமுறைகள் எப்படிக் கழிந்தன என்பதே இங்கே சொல்லப்படுகிறது. மாமா மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதினார். அத்தையும் அம்மாச்சியும் ஊரில் இருந்தார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரே விடுமுறையில் இரண்டு ஊர் கிடைத்தது: விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊர் ஒன்று, போர்வை இல்லாமல் தூங்க முடியாத ஊர் ஒன்று.

மதுரையிலிருந்து போடிக்குப் பேருந்தும் உண்டு, ரயிலும் உண்டு. சீக்கிரம் போய்ச் சேர வேண்டியவர்கள் பேருந்தில் ஏறினார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பம் ரயிலில் ஏறியது. 90 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மீட்டர்கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள்; 1950களில் மறுபடி போட்டார்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். இறங்கி நடந்தால்கூட முந்திவிடலாம் என்று பெரியவர்கள் கேலி செய்வது வழக்கம். எந்தப் பிள்ளைக்கும் இறங்க அனுமதி கிடைத்ததில்லை. கணவாய் கழிந்ததும் மேற்கே நீலமாக ஒரு சுவர் எழும்பும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. தேனி வரை எட்டியே நிற்கும் அந்த மலை, போடி நிலையத்தில் இறங்கும்போது தெருவின் கடைசியில் வந்து நிற்கும். பாதையும் அங்கேயே முடிகிறது. அதற்கு மேல் ரயில் போக இடமில்லை.

மே மாதத்துப் போடி வெயிலுக்கு மதுரை வெயிலோடு பெரிய வேறுபாடு கிடையாது. ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மலை பக்கத்தில் இருப்பதால் ஊரும் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் முதல் மதியத்திலேயே ஏமாந்துபோவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியே சாரலைக் கொண்டுவந்து ஊரைக் குளிரவைப்பது ஜூன் மாதம். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பிள்ளைகள் மூட்டை கட்டுகிற வாரத்தில் முதல் தூறல் விழும். அது ஒவ்வோர் ஆண்டும் நடந்த அநியாயம்.

அதற்குப் பதிலாக மே மாதம் தந்தவை மாங்காயும் இலவம் பஞ்சும். போடியைச் சுற்றிய அடிவாரத் தோப்புகளில் இரண்டும் அந்தச் சமயத்தில்தான் வருகின்றன. இலவங்காய்கள் மரத்திலேயே வெடிக்கத் தொடங்கும் முன் பறித்துக் காயப்போட்டு, ஓட்டை உடைத்து, பஞ்சையும் விதையையும் பிரிப்பார்கள். மெத்தை, தலையணைக்கு இலவம் பஞ்சு என்றால் தமிழ்நாட்டில் பலரும் போடிப் பெயரைச் சொல்வார்கள். பஞ்சுக் களத்துக்குள் பிள்ளைகளை விடக் கூடாது என்பது அத்தையின் சட்டம். மூக்கிலும் தொண்டையிலும் ஏறி இருமல் பிடிக்கும் என்பது காரணம். சட்டம் மதிக்கப்படவில்லை. மாலையில் தலைமுடியெல்லாம் நரைத்த கிழவர்களாகப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். குளிக்கப் போன இடம் அணைப்பிள்ளையார் அணை. கொட்டகுடி ஆறு மலையிலிருந்து இறங்கி ஊருக்கு வரும் வழியில் தடுப்பணையைத் தாண்டி விழுகிற இடம் அது. மே மாதத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இருந்தால் அதிர்ஷ்டம்.

ஏலக்காயை முதலில் மூக்கால் அறிவது ஊருக்குள்தான். போடியில் ஏலக்காய் விளைவதில்லை, விற்கப்படுகிறது. கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பகுதிகளில் விளையும் காய் மலையிறங்கி இங்கே வருகிறது. வியாபாரிகளின் கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகவும் நிறம் வாரியாகவும் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு ஒரு விலை. சிறுத்ததும் வெளிறியதும் வெடித்ததும் வேறு வேறு விலை. உயர்ந்த தரத்துக்கு இன்றும் ‘ஆலப்பி கிரீன்’ என்றுதான் பெயர். திருவிதாங்கூர் அரசு ஏலக்காய் வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருந்த காலத்தில் அது துறைமுக ஊரான ஆலப்புழையில் விற்கப்பட்டது. துறைமுகத்தின் காலம் போய்விட்டது. பெயர் மட்டும் சாக்குகளில் தங்கிவிட்டது. அந்தத் தெருக்களில் நடந்தால் சட்டையில்கூட மணம் ஏறிவிடும். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். விற்கிற இடத்திலேயே இப்படி மணத்தால், விளைகிற காடு எப்படி மணக்கும்? இந்தக் கணக்குத் தப்பு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மலை ஏறும் நாள் விடியுமுன் தொடங்கும். நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் போடித் தெருக்களில் ஜீப்புகள் உறுமும். போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் தூக்குவாளியும் மழைக் காகிதமுமாக ஏறி, மலைத் தோட்டங்களில் வேலை செய்து, அன்று மாலையே திரும்புகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, ஓட்டுநர் வேறு கணக்கு வைத்திருந்தார். இந்த வண்டிகள் கவிழ்ந்து உயிர்போன செய்திகள் வட்டாரத்தில் புதிதல்ல. மாமா பிள்ளைகளைக் கூலி ஜீப்பில் ஏற்றாமல், சாமான் கொண்டுபோகும் தோட்ட வண்டியிலோ மூணாறு பேருந்திலோதான் அனுப்பினார்.

ஊரிலிருந்து முந்தல் வரை சமதளம். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்த தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது; அன்று அந்தச் சாலைக்கு எண் 49, இன்று இந்தத் துண்டுக்கு எண் 85. சுமார் 25 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்பது புவியியல் பாடம். ஐந்தாவது, ஆறாவது வளைவில் சன்னல் கம்பி சில்லென்று ஆவதும், காது அடைத்துத் திறப்பதும் அந்தப் பாடத்தின் செய்முறை. வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்ந்த பிள்ளை அந்த ஆண்டின் வீரன். கண் பார்ப்பது ஒன்றும் உள்காது உணர்வது வேறொன்றுமாக இருப்பதால் வருகிற தலைச்சுற்றல் இது; இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கே அதிகம் வரும். முன்னால் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்ப்பது உண்மையில் உதவும். எலுமிச்சம்பழத்தை முகர்வதால் கெடுதல் இல்லை. செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்ற அம்மாச்சியின் வைத்தியம் மட்டும் ஒருமுறைகூடப் பலித்ததாக நினைவில்லை. ஆனாலும் தாள் விரிக்காமல் வண்டி கிளம்பியதில்லை.

புலியூத்து அருவி மழைக்காலத்தில் சாலையோரம் கொட்டும். மே மாதத்தில் பாறையில் ஒரு ஈரக்கோடு தெரியும், அவ்வளவுதான். அங்கே வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால் போடி ஊரும் கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் வெயிலில் மங்கலாகக் கிடக்கும். போடிமெட்டில் இரண்டு மாநிலத்துச் சோதனைச்சாவடிகள், டீக்கடைகள், எப்போதும் ஒரு மூடுபனி. பெயர்ப்பலகை எழுத்து மாறுமே தவிரப் பேச்சு மாறாது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றாலும், தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. டீக்கடைக்காரர் பிள்ளைகளிடம் தமிழில் விலை சொன்னார், ஜீப் ஓட்டுநரிடம் மலையாளத்தில் சண்டை போட்டார்.

ஏலத்தோட்டம் தேயிலைத் தோட்டத்தைப்போல் வெட்டவெளியில் பளிச்சென்று தெரிவதில்லை. ஏலத்துக்கு நிழல் வேண்டும். பெரிய காட்டு மரங்களை நிறுத்திவைத்து, கிளைகளை மட்டும் கழித்து, அடியில் செடியை வளர்க்கிறார்கள். சாலையில் போகிறவருக்கு அது காடாகத்தான் தெரியும். உள்ளே நுழைந்தால் ஆள் உயரத்தையும் தாண்டி, இஞ்சிக் குடும்பத்துக்கே உரிய நீண்ட இலைகளோடு தட்டைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். பிள்ளைகள் அண்ணாந்து காயைத் தேடினார்கள். வேலைக்கார அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே, “மேலே ஏன் பாக்குற தம்பி, கீழே குனிஞ்சு பாரு” என்றார். செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு தரையாகச் சரம் ஓடுகிறது. அதில்தான் பூவும் காயும். மே மாதத்தில் இருந்தவை பெரும்பாலும் பூக்கள்: வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள். விடியலில் விரிந்து, தேனீ வந்துபோன பிறகு, அடுத்த நாளைக்குள் வாடிவிடும். பூ காயாகி முற்ற மூன்று, நான்கு மாதம் ஆகும். வாசனையா? இலைச்சருகும் ஈரமண்ணும் மணத்தன. மணமுள்ள எண்ணெய் விதைக்குள் இருக்கிறது. விதையைத் தோல் மூடியிருக்கிறது. மே மாதத்தில் அந்த விதையே இல்லை. ஊரில் அவ்வளவு மணத்த சரக்கு தோட்டத்தில் மணக்கவில்லை என்று பிள்ளைகளுக்குக் கோபம். மாமா ஒரு இலையைக் கசக்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அதில் லேசாக ஏதோ இருந்தது.

தோட்ட வீட்டில் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் நகரத்து வீட்டைவிட அதிகம். மருந்தடிக்கும் நாளில் வெளியே விடமாட்டார்கள். ஏலச் செடிக்கு இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் தீராத எதிரிகள். அதனால் அடிக்கடி மருந்தடிக்கப்படும் பயிர்களில் அது ஒன்று. அன்றைக்கு அடித்த எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011-இல் நாடு முழுதும் தடைசெய்தது. அந்தக் காலத்தில் அதன் நெடி பிள்ளைகளுக்குத் தோட்டத்து வாசனைகளில் ஒன்று. இருட்டியபின் முற்றத்துக்கும் போகக் கூடாது. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கத்து யானைகளுக்கு எல்லைக்கல் தெரியாது. இரவுச் சாப்பாட்டில் பெரியவர்கள் பேசியது விலையைப் பற்றி மட்டும். அதில் அடிக்கடி வந்த ஒரு சொல் குவாத்தமாலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலச் செடி அந்த மத்திய அமெரிக்க நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே அது பெருகி, அரபு நாடுகளின் காப்பிக்குப் போகும் சந்தையில் இந்தியக் காயைப் பின்தள்ளியது. அங்கே மழை பெய்தால் இங்கே விலை இறங்கும் என்பது மாமாவின் பொருளாதாரம். பூகோள வகுப்பில் வரைபடத்தில் குவாத்தமாலாவைச் சட்டென்று காட்டிய ஒரே மதுரைப் பிள்ளை, அநேகமாக, ஏலத்தோட்டத்தில் மாமா உள்ள பிள்ளைதான்.

விடுமுறையில் ஒருநாள் குரங்கணிக்கு ஒதுக்கப்பட்டது. முந்தல் பக்கம் பிரியும் சாலையில் கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போனால், மலைகள் மூன்று பக்கமும் நெருங்கி வந்த இடத்தில் அந்தச் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மேலே செல்லும் நடைபாதையில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஒரு குடியிருப்பு, அதற்கும் மேலே எல்லையில் ‘டாப் ஸ்டேஷன்’. ரயிலில் வந்த பிள்ளைகள் அங்கேயும் ரயிலை எதிர்பார்த்ததில் தவறில்லை; ஒரு காலத்தில் மேலே உண்மையாகவே ரயில் இருந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது; 1908-இல் அது குறுகிய இருப்புப் பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டிகளில் போடிக்கு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்று ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அது மறுபடி கட்டப்படவே இல்லை. கம்பிவடமும் பின்னால் நின்றுபோனது. பிள்ளைகள் பார்த்தது புதரில் துருப்பிடித்த சில இரும்புத் துண்டுகளை. தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்து ஆள் யாராவது இறங்கியிருப்பார்களா என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

கொழுக்குமலைக்கு அந்தக் குடும்பம் பிற்காலத்தில்தான் போனது. 7,000 அடிக்கு மேல் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். பல் ஆடும் அந்த ஜீப் பயணத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது வீண் வேலை. பத்து வயதுக்கு மேல் என்றால் விடியலில் காலடியில் கிடக்கும் மேகத்துக்காகவும், பழைய இயந்திரங்கள் இன்னும் ஓடும் தொழிற்சாலைக்காகவும் போகலாம்.

ஏலக்காயை ஏலக்காயாகப் பார்க்கக் கிடைத்தது ஒரு காலாண்டு விடுமுறையில். செப்டம்பர் கடைசியில் தேர்வு முடிந்து, ஆயுத பூசையை ஒட்டிக் குடும்பம் மலைக்குப் போயிற்று. மழை ஓயவில்லை. காட்டுக்குள் நடந்தால் காலில் அட்டை ஏறும். உப்பும் புகையிலைச் சாறும் தடவிக்கொண்டு போனாலும் ஒன்றிரண்டு தப்பி ஏறிவிடும். அட்டை கடித்த புண்ணைப் பிள்ளைகளில் இளையவன் பள்ளிக்கூடத்தில் காட்டிக் காட்டி ஆறவிடாமல் வைத்திருந்தான். தோட்டத்தில் மே மாதம் காணாத கூட்டம். ஆடி, ஆவணியில் தொடங்கும் காய்ப்பறிப்பு தை, மாசி வரை நீளும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருப்பதால், ஒரே தடவையில் பறித்து முடிக்க முடியாது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும். பெண்கள் ஈரத்தில் குந்தி உட்கார்ந்து, இலைகளை விலக்கி, நிறம் பார்த்து, முற்றியதை மட்டும் கிள்ளினார்கள். பிள்ளைகளும் ஆளுக்கொரு வாளியோடு உட்கார்ந்தார்கள். அவர்கள் பறித்ததில் பாதி பிஞ்சு. மேஸ்திரி அதைத் தனியாகக் கொட்டிவைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் என்ற மரியாதை.

பறித்த காய் மாலையில் எடைபோடப்பட்டு ஸ்டோருக்குப் போனது. ஸ்டோர் என்பது காயைப் புகைபடாமல் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு மட்டும் குழாய்கள் வழியே உள்ளே சுற்றும். 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் ஏறக்குறைய ஒரு முழுநாள் உலர வேண்டும். சூடு ஏறிவிட்டால் காய் வெடிக்கும், பச்சை வெளுக்கும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் இரவு முழுக்க ஒருவர் விழித்திருந்து தீயைப் பார்த்துக்கொள்வார். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ மிஞ்சும். மே மாதம் தோட்டத்தில் தேடிக் கிடைக்காத மணம் அந்தக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது. கண் எரிந்தது, தும்மல் வந்தது. மணத்தை அவ்வளவு கெட்டியாகச் சுவாசிக்க முடியாது என்பது ஒரு பிள்ளை அத்தையிடம் சொன்ன புகார். ஆயுத பூசைக்கு ஸ்டோரைக் கழுவி, மருந்துத் தெளிப்பானுக்கும் தராசுக்கும் ஜீப்புக்கும் சந்தனம் வைத்துப் பொரி கடலை கொடுத்தார்கள். அன்று மட்டும் அடுப்பு அணைந்திருந்தது.

இந்த விடுமுறையின் பல பகுதிகள் இன்று அப்படியே கிடைக்கமாட்டா. ஏலக்காய்க்கு வியாபாரிகள் கூவிக் கேட்ட ஏலம் 2007-க்குப் பிறகு மின்னணு ஏலமாகிவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் போடி, புற்றடி மையங்களில் வியாபாரிகள் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறார்கள். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோதும் சத்தம் எழவில்லை. மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பரோடு நின்றது. அகலப்பாதை துண்டு துண்டாக முடிந்து, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடி வரை ரயில் வருகிறது. சென்னையிலிருந்தே ஏறி மலையடிவாரத்தில் இறங்கலாம். கணவாயில் அது மூச்சு வாங்குவதில்லை. குரங்கணிக் காட்டுக்குள் நினைத்தபோது ஏறும் சுதந்திரம் போயிற்று. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு வனத்துறையின் கட்டுப்பாடு இறுகியது; கோடையில் பாதைகளை மூடிவைக்கிறார்கள். காய்ந்த போதைப்புல் நிறைந்த சரிவு அது. பிள்ளைகளோடு வருபவர்கள் இந்தத் தடையைக் கெடுபிடி என்று முணுமுணுக்க வேண்டியதில்லை. ரேஷன் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே நடந்து வந்தது. ஜூனில் மறுபடி பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக்குப் போனது. கம்பத்தில் விடுமுறையில் இருந்த பிள்ளைகள் அந்த நாட்களை வீட்டுக்குள் அடைந்து கிடந்து கழித்தார்கள்.

மற்றபடி பயிர்களின் மாதங்கள் மாறவில்லை. மே மாதத்தில் வரும் குடும்பத்துக்கு மாங்காய், இலவம் பஞ்சு, தரையோடு கிடக்கும் ஏலப்பூ, போடிமெட்டுக் குளிர். காயும் ஸ்டோரும் வேண்டுமென்றால் காலாண்டு விடுமுறை, அதோடு மழையும் அட்டையும். அரையாண்டு விடுமுறையில் மழை குறைந்து, பறிப்பும் நடந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அதுவே சௌகரியம். குறிஞ்சி பார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. மூணாறு, சின்னக்கானல் சரிவுகளில் அது 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.